இலவசப் பணிக்குச் சிறு பணம் தகுமா?



ஒருவன் மனமுவந்து இலவசமாகச் செய்கின்ற பணிக்கு நாம் பணம் கொடுத்தால், அப்பணியை வளர்க்கிறோமா, அன்றிக் கெடுக்கிறோமா? இக்கேள்வி மிகப் பழையது. ஆயினும் இக்காலத்தில் அது நம் வீட்டுப் பிள்ளைகளின் மேசைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதனை இவ்வாரம் சற்று ஆறுதலாகச் சிந்திப்போம்.

பாடசாலையில் ஒப்படை எழுதும் பிள்ளை ஏதேனும் ஒரு விடயத்தைத் தேட வேண்டுமானால், முதலில் கைத்தொலைபேசியைத்தான் எடுக்கிறது. தமிழில் தேடினால், பெரும்பாலும் தமிழ் விக்கிப்பீடியாவின் ஒரு பக்கம் முன்னே வந்து நிற்கும். அப்பக்கத்தை எழுதியவர் யார்? அதற்கு அவருக்குக் கூலி கொடுத்தவர் யார்? பிள்ளை இதைக் கேட்பதில்லை. பெற்றோராகிய நாமும் கேட்பதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல அறிவும் தானாகவே வருகிறது என்று எண்ணிக்கொள்கிறோம். கிணறு வெட்டியவனை யார் நினைக்கிறார்கள்?

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் ஆரம்ப ஆண்டுகளில் பெரும் பணி ஆற்றியவர் நம் யாழ்ப்பாண மண்ணைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் ஆவார். வெளிநாட்டிலே தொழில் பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கட்டுரை கட்டுரையாக எழுதினார். அவரைப் பின்பற்றி ஆசிரியர்களும் மாணவரும் இல்லத்தரசிகளும் ஓய்வு பெற்றோரும் எழுதினர். இன்று அதில் ஒன்றரை இலட்சத்திற்கும் அதிகமான கட்டுரைகள் உள்ளன. அதற்கு முன்னரே, 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து உலகுக்கு இலவசமாக வழங்கி வருகிறது. 2005இல் தோன்றிய நூலகம் என்னும் இணைய நூல் நிலையம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் சிறப்பு மலர்களையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, பல்லாயிரக்கணக்கில் எவரும் எவ்விடத்திலிருந்தும் காசின்றி வாசிக்கத் தந்துள்ளது. இம்மூன்று முயற்சிகளும் தொண்டர்களாலேயே தொடங்கப்பட்டவை.

இப்பணியின் அருமையை நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1933ஆம் ஆண்டில் ஒரு தனி மனிதரின் வீட்டில் சிறிதாய்த் தொடங்கி, ஊராரின் நன்கொடையால் வளர்ந்து, லோங் அடிகளார் போன்றோரின் அயராத உழைப்பினால் 1959இல் அழகிய மாளிகையாய்த் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூல் நிலையம், 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச் சுவடிகளும் இருந்தன. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் உயிர் நீத்ததை நம் மூத்தோர் அறிவர். ஒரு நூலுக்கு ஒரே ஒரு பிரதி என்றால், ஒரு தீக்குச்சி போதும். அதே நூல் படமாக்கப்பட்டு உலகின் பல இடங்களில் வைக்கப்பட்டிருந்தால், எந்தக் கையாலும் அதனை முற்றாக அழிக்க இயலாது. ஆகவே, இங்கே நாம் பேசுவது பொழுதுபோக்குப் பற்றியன்று. ஒரு மக்கள் கூட்டத்தின் நினைவைக் காக்கும் காரியம் பற்றியாகும்.

சரி, பணம் எங்கே வருகிறது?

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2003இல் நிறுவப்பட்டது. விளம்பரம் எதுவும் ஏற்காத அந்நிறுவனம், பெரும்பாலும் வாசகர்கள் தரும் சிறு சிறு நன்கொடைகளாலேயே நடைபெறுகிறது. அப்பணத்தில் ஒரு பகுதியைப் பல நாடுகளிலும் உள்ள தொண்டர் குழுக்களுக்குச் சிறு மானியமாகத் திருப்பி வழங்குகிறது. அம்மானியங்களில் ஒரு வகை 500 டொலர் முதல் 5000 டொலர் வரை. எழுதப் பழக்கும் ஒரு நாள் பட்டறைக்கு மண்டப வாடகை, வருவோரின் பஸ் கட்டணம், மதியச் சாப்பாடு, இணையச் செலவு, ஊர்க் கோயில்களையும் குளங்களையும் மரஞ்செடிகளையும் படம் பிடிக்கப் போவோரின் பயணச் செலவு என்றிவ்வாறான சில்லறைத் தேவைகளுக்கே இது உதவும். கட்டுரை எழுதுவதற்குக் கூலியாக இப்பணத்தைக் கொடுப்பதில்லை என்பது அவர்கள் வைத்திருக்கும் வரம்பு. விண்ணப்பமும் எவரும் வாசிக்கத்தக்கதாக வெளியிடப்படும். பணி முடிந்தபின் அறிக்கையும் அவ்வாறே வெளிவரும்.

இதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். தவறு உண்டு என்று சொல்வோர் உளர். அவர்களும் மூடர்கள் அல்லர். அவர்களுடைய நியாயத்தை முதலில் கேட்போம்.

கொடையின் உயிர் அதன் இலவசத் தன்மையிலேயே இருக்கிறது. அதற்குள் காசு புகுந்தால் கொடை வியாபாரமாகும் என்பது அவர்களது வாதம். இதற்குச் சான்றும் உண்டு. ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்ட் டிற்மஸ் 1970ஆம் ஆண்டில் இரத்த தானம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இரத்தத்தை இலவசமாகப் பெறும் பிரித்தானிய முறையையும், பணம் கொடுத்தும் வாங்கிய அமெரிக்க முறையையும் ஒப்பிட்டு, விலை வைத்த இடத்தில் இரத்தத்தின் தரமும் தாழ்ந்தது, மக்களின் ஈகைக் குணமும் தேய்ந்தது என்று அவர் வாதிட்டார்.

இன்னொரு சோதனையைப் பாருங்கள். ஊரி நீசி, அல்டோ ருஸ்டிக்கினி என்னும் இரு பொருளியல் அறிஞர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. இஸ்ரவேல் நாட்டிலே உயர்பாடசாலை மாணவர் 180 பேர் வீடு வீடாகச் சென்று தருமப் பணிகளுக்கு நிதி சேகரிக்க அனுப்பப்பட்டனர். ஒரு குழுவினருக்கு ஊதியம் எதுவுமில்லை. மற்றொரு குழுவினருக்குச் சேகரித்த தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு. மூன்றாவது குழுவினருக்கு நூற்றுக்குப் பத்துப் பங்கு. இப்பங்குகள் தரும நிதியிலிருந்து எடுக்கப்படவில்லை, வேறாகவே கொடுக்கப்பட்டன. யார் அதிகம் சேர்த்தனர்? ஒன்றும் பெறாதவர்களே! எல்லோரிலும் குறைவாகச் சேர்த்தவர்கள் நூற்றுக்கு ஒன்று பெற்ற பிள்ளைகள். சிறு காசு அவர்களின் ஊக்கத்தைக் கூட்டவில்லை; குறைத்தது. ஏனெனில், “நான் நல்ல காரியம் செய்கிறேன்” என்று நடந்த பிள்ளை, “இவ்வளவு அற்பக் கூலிக்கா நான் நடக்கிறேன்?” என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கே இப்படியொரு அனுபவம் உண்டு. 2009, 2010ஆம் ஆண்டுகளில் கூகிள் நிறுவனம் கூலி பெறும் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி அங்கே சேர்த்தது. நோக்கம் நல்லதே, கட்டுரைகளின் எண்ணிக்கையும் உயர்ந்தது. ஆனால் வசனங்கள் பல தமிழாக இல்லை. தலைப்புகள் பல தமிழ் வாசகருக்கு வேண்டியவையாகவும் இல்லை. பிழையைச் சுட்டினாலும் பதில் சொல்ல எழுதியவர் அங்கே இருப்பதில்லை. நெடுநாள் தொண்டர்களே அவற்றைத் திருத்தும் சுமையைத் தாங்கினர். பின்னர் அவர்கள் அந்நிறுவனத்தாரோடு பேசி, தலைப்புத் தெரிவுக்கும் தரத்துக்கும் நிபந்தனைகள் வைத்தனர். 2010இல் போலந்து நாட்டில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இவ்விடயம் பற்றி ஓர் ஆய்வும் வாசிக்கப்பட்டது. கூலிக்கு எழுதியவர் தம் வேலையை முடித்துக்கொண்டு போனார். அன்பினால் எழுதியவரோ பிழையோடு தங்கி வாழ வேண்டியிருந்தது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இவற்றையெல்லாம் கேட்டபின், “அப்படியானால் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம், தொண்டு தொண்டாகவே இருக்கட்டும்” என்று தீர்ப்புச் சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள். இத்தீர்ப்புக்குள் ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது.

தொண்டுக்குக் காசு வேண்டாம் என்று யார் எளிதாகச் சொல்ல முடியும்? வீட்டில் கணனியும், மேசையில் மின்விளக்கும், மாதந்தோறும் இணையக் கட்டணம் கட்டச் சம்பளமும் உள்ளவரே சொல்ல முடியும். முல்லைத்தீவின் ஒரு கிராமத்தில், தாயின் தையல் வருமானத்தில் படிக்கும் ஒரு பெண்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். தன் ஊரின் குளத்தைப் பற்றியும், கடல்தொழில் பற்றியும், தன் பேத்தியார் பாடும் பாடல்களைப் பற்றியும் எழுத அவளிடம் விடயம் உண்டு, ஆர்வமும் உண்டு. ஆனால் ரீலோட் போடக் காசில்லை. பட்டணத்தில் நடக்கும் பட்டறைக்குப் போய்வர பஸ் கட்டணமில்லை. போனால் அன்றைய மதியச் சாப்பாட்டுக்கும் வழியில்லை. நுவரெலியாத் தோட்டத்தில் லயன் அறையில் இருந்து படிக்கும் வாலிபனுக்கும் இதே கதை. “நாங்கள் ஒருவருக்கும் ஒன்றும் கொடுப்பதில்லை, எல்லோரும் சமம்” என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது, உண்மையில் என்ன செய்கிறோம்? வசதியுள்ளவனுக்கு வாசலைத் திறந்து, இல்லாதவனுக்கு அடைக்கிறோம்.

இதன் விளைவு அந்தப் பெண்பிள்ளையோடு முடிவதில்லை. எழுதுபவர் எவரோ, எழுதப்படுவதும் அவருடைய உலகமே. பட்டணத்தார் மட்டும் எழுதினால் பட்டணமே அறிவுக் களஞ்சியத்தில் நிற்கும். கிராமமும் தோட்டமும் கரைவலை இழுப்போரும் அதில் இரார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாணவன் தேடும்போது, அவர்கள் வாழ்ந்ததாகவே தடயமிராது. தீ மட்டுமா நினைவை அழிக்கிறது? எழுத வழியின்மையும் அழிக்கிறது.

ஆகவே இரண்டு உண்மைகள் நம் முன் நிற்கின்றன. காசு கொடையைக் கெடுக்கக் கூடும். காசின்மை கொடுக்கும் உரிமையையே ஏழையிடமிருந்து பறிக்கக் கூடும். இரண்டையும் எவ்வாறு பொருத்துவது?

இதற்கு விடை நம் நாட்டிலேயே உண்டு. 1958ஆம் ஆண்டில் நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரோடு கனத்தொலுவ என்னும் பின்தங்கிய கிராமத்துக்குச் சென்று தொடங்கிய சிரமதானத்தை நாம் அறிவோம். பின்னர் நாடெங்கும் பரவிய அவ்வழக்கத்தில், வீதி வெட்டுவோருக்கும் கிணறு இறைப்போருக்கும் கூலி இல்லை. ஆனால் மதியத்தில் சோறு உண்டு, தேநீர் உண்டு, மண்வெட்டி யாராவது கொண்டுவந்து தருவார்கள். நம் ஊர்களிலும் வாசிகசாலைக்குக் கூரை வேய வந்தவர்களுக்கு அயலார் கூழ் காய்ச்சிக் கொடுத்தார்கள். அந்தச் சோற்றை உண்டவன் எவனும், “எனக்குக் கூலி கிடைத்தது” என்று எண்ணியதில்லை. அந்தக் கூழைக் கொடுத்த தாயும், “உன் உழைப்பை வாங்கிவிட்டேன்” என்று எண்ணியதில்லை. ஏன்? அது உழைப்பின் விலையன்று. உழைப்பவன் தளராதிருக்கும் ஆதாரம். விலை வேறு, ஆதாரம் வேறு. நம் கேள்வியின் முடிச்சு இவ்விடத்திலேதான் அவிழ்கிறது.

திருச்சபையின் வரலாற்றிலும் இதே கேள்வி ஒருமுறை எழுந்தது. அறிவு இறைவனின் கொடை, ஆகவே அதை விற்கலாகாது என்று மத்திய கால அறிஞர் வாதிட்டனர். அப்படியானால் ஆசிரியன் எதை உண்பான்? 1179ஆம் ஆண்டில் கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம் இதற்கு ஒரு வழி கண்டது. ஒவ்வொரு பேராலயமும் ஓர் ஆசிரியருக்குப் போதிய மானியம் ஒதுக்க வேண்டும். அவர் குருமாணவர்க்கும் ஏழை மாணவர்க்கும் கட்டணமின்றிக் கற்பிக்க வேண்டும் என்று அது விதித்தது. ஆசிரியரைத் தாங்கியதால் அறிவு இலவசமாக நின்றது. தாங்காது விட்டிருந்தால், அறிவு காசுள்ளவன் வீட்டுக்கே போயிருக்கும்.

எனவே முதலாவது விதியாக இதனைக் கொள்ளலாம்: கொடுப்பவனுக்கு அவனுடைய கொடை ஏற்படுத்தும் செலவைத் தாங்குவது நீதி, அக்கொடைக்கு விலை குறிப்பது தவறு. பஸ் கட்டணம், சாப்பாடு, இணையச் செலவு, படம் பிடிக்கும் கருவி ஆகியவற்றைக் கொடுங்கள். ஒரு கட்டுரைக்கு இவ்வளவு ரூபா என்று எண்ணிக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால், எழுதத் தகுந்ததை எழுதாமல், எண்ணிக்கைக்காக எழுதும் பழக்கம் வரும்.

இரண்டாவது விதி இதற்கு மறுபக்கம். எல்லாப் பணியையும் தொண்டு என்று பெயர் சூட்டிவிட முடியாது. மாலை வேளையில் ஒரு மணி நேரம் விரும்பி எழுதுவது தொண்டு. ஒருவன் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை, வாரம் ஆறு நாளும், செல்லரித்த பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாக விரித்து ஸ்கேன் செய்தால், அது வேலை. வேலைக்கு நியாயமான சம்பளம் உண்டு. அவனுக்குச் சிறு மானியத்தில் ஒரு துண்டைக் கொடுத்து, “நீ தொண்டன்” என்று புகழ்ந்து அனுப்புவது, புகழ்ச்சியால் கூலியை ஏய்ப்பதாகும். தொண்டு என்னும் திருப்பெயர் மலிவுக் கூலிக்குப் போர்வையாகக் கூடாது.

மூன்றாவது, வாங்குவோரின் கடமை. சிறு பணம்தானே என்று கணக்கில் அசட்டை வருவது மனித இயல்பு. பெருந்தொகையில் கை வைக்க அஞ்சுபவன், மிஞ்சிய ஆறாயிரம் ரூபாவை, “நான் எத்தனை இரவு விழித்து உழைத்தேன்!” என்று தனக்குத்தானே நியாயம் சொல்லி வைத்துக்கொள்கிறான். அவன் உழைத்தது மெய்யே. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? எங்கோ ஒரு நாட்டில் ஒரு மாணவனோ, ஒரு முதியவளோ, தம் சிறு வருமானத்திலிருந்து அனுப்பிய சில டொலர்கள் அவை. அதை அனுப்பியவர்கள் முல்லைத்தீவுப் பிள்ளையின் பஸ் கட்டணத்துக்கென்று நம்பி அனுப்பினார்கள். ஆகையால் பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் வைத்திருப்பதும், மிஞ்சியதைத் திருப்புவதும், கணக்கை எல்லோரும் பார்க்க வெளியிடுவதும் காகித வேலையல்ல, நம்பிக்கையைக் காப்பதாகும். சிறு கணக்கில் நேர்மை தவறினால், அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் நேர்மையான குழுவுக்கே கதவு அடைபடும்.

மானியத்தினால் நண்பர்களுக்கிடையில் மனக்கசப்பு வருவதும் உண்டு. ஒருவர் மாநாட்டுக்குச் சென்றுவர டிக்கட் பெறுவார். அவரிலும் அதிகம் எழுதிய மற்றொருவர், விண்ணப்பம் எழுதத் தெரியாமலோ ஆங்கிலம் போதாமலோ வீட்டில் இருப்பார். இதற்கு மருந்து மானியத்தை நிறுத்துவதன்று. யார் எதற்காக எவ்வளவு பெற்றார் என்பதை மறைக்காமல் சொல்வதும், விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பதுமே மருந்து.

நான்காவது, கொடுப்போரின் கடமை. பணம் கொடுத்தவன் பாட்டையும் தானே தெரிவு செய்ய முனைவது உலக வழக்கம். ஆனால் அறிவுப் பணியில் அது ஆபத்து. நம் ஊருக்கு வேண்டியது எது என்பதை நம் ஊராரே சொல்ல வேண்டும். பிரித்தானிய நூலகம் 2004ஆம் ஆண்டு முதல் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்க உலகெங்கும் மானியம் வழங்கி வருகிறது. அதில் ஒரு நல்ல நெறி உண்டு: மூல ஆவணங்கள் அவை பிறந்த நாட்டிலேயே இருக்கும்; படப் பிரதிகள் மட்டும் எல்லோரும் பார்க்க இணையத்தில் வைக்கப்படும். கொடுப்பவர் கையை நீட்டினார். பொருளைத் தன் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. ஒரு காலத்தில் நம் சுவடிகள் கப்பலேறிப் போன விதத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால், கொடை எவ்வாறு நாகரிகமடையலாம் என்பது விளங்கும்.

இனி ஓர் ஐயம் எஞ்சுகிறது. மானியம் நின்றுபோனால் பணியும் நின்றுவிடுமா? நின்றுவிடும் பணி என்றால், அது முதலிலேயே தொண்டாக இருக்கவில்லை என்று அறிக. மானியம் தாய்ப்பசுவன்று, ஏறுவதற்கு வைத்த ஏணி. மதுரைத் திட்டமும் தமிழ் விக்கிப்பீடியாவும் மானியத்தை எதிர்பார்த்துத் தொடங்கியவை அல்ல. முதலில் அன்பு வந்தது. பிறகு ஆதாரம் வந்தது. இவ்வொழுங்கு மாறாதிருக்கும்வரை அச்சமில்லை. ஆதாரத்தைத் தேடி அன்பு நடிக்கத் தொடங்கும் நாளில்தான் அச்சம்.

அன்பர்களே, இவ்விடயத்தில் நம் குடும்பங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. வெளிநாட்டு டொலரை மட்டும் நம்பியிருப்பது நமக்கு அழகன்று. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் கோயில் திருவிழாவுக்கும் வாணவேடிக்கைக்கும் அனுப்பும் தொகையில் நூற்றில் ஒன்றை இதற்கு ஒதுக்கினால், ஒவ்வொரு பங்கிலும் ஒரு ஸ்கேனர் இருக்கும். உங்கள் வீட்டுப் பரண்மேல் பழைய சிறப்பு மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், நினைவு மலர்கள், கூத்துக் கொப்பிகள் கிடக்கலாம். அவற்றைக் கறையான் தின்னுமுன், படம் பிடிக்க வரும் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் இரவல் கொடுங்கள். கொடுத்ததை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, மறவாமல் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் மகனோ மகளோ இரவில் உட்கார்ந்து, தேர்வுக்கும் உதவாமல் சம்பளமும் தராமல், ஊர்க் குளத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தால், “இதனால் உனக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்காதீர்கள். அக்கேள்வியே ஒரு விலைச்சீட்டு. ஒரு குவளை தேநீர் போட்டு அருகில் வையுங்கள். உலகிலுள்ள சிறு மானியங்களுள் மிகச் சிறியது அதுவே. அதற்கு விண்ணப்பமும் வேண்டாம், அறிக்கையும் வேண்டாம்.